சாப்பிட அடம்பிடிக்கும் நாய்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நாய் பட்டாலை ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்கிறது. மனசு கேட்காமல் அப்பத்தா இரண்டு பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக் கொடுக்கிறார். மதியம் குழம்புக் கறியில் நாலு துண்டைக் கழுவிப் போடுகிறார்கள். இரவு வைத்த தட்டு மறுபடி அப்படியே கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் நாய் வளர்க்கும் பல வீடுகளில் இதுதான் தினசரி நடப்பு.

இந்த நாய்களில் பெரும்பாலானவை பட்டினியில் இல்லை. கொஞ்சம் பொறுத்தால் இதைவிட ருசியானது வரும் என்று கற்றுக்கொண்டிருக்கின்றன. கற்றுக்கொடுத்தது வீடுதான், ஆகவே மாற வேண்டிய பழக்கத்திலும் பாதிக்கு மேல் வீட்டாருடையது. ஆனால் சில நாய்கள் உண்மையிலேயே நோயால் சாப்பிடாமல் இருக்கும். அதை அடம் என்று நினைத்துக் கண்டிப்புக் காட்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால் வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் கணக்கு, அடுத்து உடம்பு, அதன் பிறகே பழக்கம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

ஒரு நோட்டை அடுப்படியில் வைத்து, ஏழு நாளைக்கு நாயின் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். தட்டுச் சோறு மட்டும் போதாது. டீ நேரத்துப் பிஸ்கட், பிள்ளைகள் மிச்சம் வைத்த இட்லி, வேலைக்கு வரும் அக்கா போட்ட தேன்குழல், வாசலில் பக்கத்து வீட்டார் வைத்த மீன் தலை, எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

நாய்க்கு எவ்வளவு தேவை என்பதைப் போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். எடையை (கிலோவில்) அதே எடையால் இரண்டு முறை பெருக்குங்கள். வரும் எண்ணுக்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள். அதை 70-ஆல் பெருக்குங்கள். 10 கிலோ நாய்க்கு 10 × 10 × 10 = 1000; வர்க்கமூலம் 31.6, மறுபடி வர்க்கமூலம் 5.62, 70-ஆல் பெருக்கினால் சுமார் 394 கலோரி. இது சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு. வீட்டோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு இதைப் போல 1.4 முதல் 1.6 மடங்கு போதும். அதாவது 5 கிலோ நாய்க்கு 330–375, 10 கிலோவுக்கு 550–630, 20 கிலோவுக்கு 930–1060, 30 கிலோவுக்கு 1260–1440 கலோரி.

இப்போது நோட்டைப் பாருங்கள். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. மூன்று வேளை டீயோடு நாலு நாலாகக் கொடுத்தால் 300 கலோரி. 10 கிலோ நாயின் அன்றைய தேவையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு அது தட்டைத் தொடாததில் ஆச்சரியமில்லை. எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரமும் அதிரசமும் பிஸ்கட்டைவிட வேகமாக வயிற்றை அடைக்கும்.

எடையும் எடுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும்; தூக்க முடியாத பெரிய நாய்க்கு அரிசி மண்டி எடைமேடை உதவும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, எடை இறங்காமல் இருந்தால் நாய் தேவையான அளவு சாப்பிடுகிறது என்று பொருள், தட்டு என்ன சொன்னாலும் சரி.

விலாவைத் தடவியும் பார்க்கலாம். உங்கள் கையை விரித்து, புறங்கை முட்டிகளை மறு கை விரலால் தடவுங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் உடம்பு சரியாக இருக்கிறது. முஷ்டி மடக்கிய முட்டிபோல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைபோல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. நாட்டு நாய் வகைகளான சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கென்றே பிறந்த ஒல்லி உடம்பு. கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவதும் வயிறு ஒட்டியிருப்பதும் அவற்றுக்கு இயல்பு. ‘எலும்பும் தோலுமா இருக்கே’ என்று யாராவது சொன்னதற்காக அவற்றுக்குத் திணிக்கத் தொடங்கிய இடத்தில்தான் பல அடங்கள் பிறக்கின்றன.

அடமா, நோயா?

அடம்பிடிக்கும் நாய் பிஸ்கட் டப்பா சத்தத்துக்கு ஓடி வரும், விளையாடும், மலம் சரியாகப் போகும். நோயுற்ற நாய் தனக்கு மிகப் பிடித்ததையும் மறுக்கும், அல்லது வாயில் எடுத்துக் கீழே போடும். நேற்றுவரை எல்லாவற்றையும் தின்ற நாய் இன்று திடீரென்று நிறுத்தினால் அது அடம் அல்ல. எப்போதும் தின்னத் துடிக்கும் லாப்ரடார் வகை தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அதுவே ஒரு நோய்க்குறி.

நம் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். நாய் உண்ணி சுவர் ஏறும். பழைய சுண்ணாம்புச் சுவரின் வெடிப்பு, நிலைக்கதவு இடுக்கு, திண்ணை மூலை என்று போய் முட்டையிடும். அதனால் நாயைக் குளிப்பாட்டுவதோடு வேலை முடிவதில்லை. காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலால் தேடுங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால், சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதை விட்டுவிடலாம். அதில் ஒன்றும் தெரியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு அங்குலம் செருகிப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதர்களுக்கான பாரசிட்டமாலோ வலி மாத்திரையோ கொடுக்கக் கூடாது. ஈரலையும் வயிற்றையும் கெடுக்கும்.

பசி இருந்தும் ஒரு பக்கமாகவே மென்றால், எச்சில் ஒழுகினால், வாய் நாறினால் பல் கோளாறு. கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் சாப்பாட்டை விட்டுத் தண்ணீரை அதிகம் குடித்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது அவசரம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வயதான நாய் மெலிந்துகொண்டே நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்கச் சொல்லுங்கள். குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இருந்தால் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். நேரத்தோடு போனால்தான் காப்பாற்ற முடியும்.

இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும்கூட, வளர்ந்த நாய் 24 மணி நேரத்துக்கு எதையுமே தொடவில்லை என்றால், குட்டி 12 மணி நேரம் தொடவில்லை என்றால், காட்டிவிடுவது நல்லது. குடல் புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டும் இடமும்

இதைச் சின்ன விஷயம் என்று பலரும் தாண்டிப் போகிறார்கள். ஆனால் ஆத்தங்குடிக் கல் பாவிய வழவழப்பான தரையில் எவர்சில்வர் தட்டு வழுக்கிக்கொண்டே போகும். நாய் நக்க நக்கத் தட்டு நகர்ந்து சுவரில் மோதிச் சத்தம் போடும். பயந்த சுபாவமுள்ள நாய் அதனாலேயே விலகும். வயதான நாய்க்குக் கால் வழுக்கி இடுப்பு வலிக்கும். தட்டுக்கும் நாயின் நான்கு கால்களுக்கும் சேர்த்து ஒரு சாக்கோ ரப்பர் விரிப்போ போட்டால் தீர்ந்தது.

இன்னொன்று எறும்பு. எறும்பு மொய்த்த சோற்றை நாய் தொடாது. ஒரு முறை மூக்கில் கடிபட்டால் அந்த இடத்துக்கே வராது. அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் கிண்ணத்தை வையுங்கள். எறும்புச் சாக்பீஸைத் தட்டைச் சுற்றிப் போடவே கூடாது. அது பூச்சி மருந்து, நாய் நக்கிவிடும்.

ஆள் நடமாடும் முகப்பும், மிக்ஸியும் கிரைண்டரும் ஓடும் அடுப்படியும் சாப்பாட்டுக்கு ஏற்ற இடமல்ல. வளவு என்னும் உள்முற்றத்தின் ஒரு மூலை, பின்புறமுள்ள இரண்டாம்கட்டுத் தாழ்வாரம், இப்படி ஒரே அமைதியான இடத்தை முடிவுசெய்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாய் இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்காதபடி வையுங்கள். தட்டைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக அலச வேண்டும். பழைய கொழுப்பின் வாடையும் சோப்பு வாடையும் நாய்க்கு நம்மைவிடப் பல மடங்கு தெரியும். குடிநீரும் அப்படித்தான். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள்.

பத்து நாள் ஒழுங்கு

தட்டை நேரத்துக்கு வைத்து நேரத்துக்கு எடுக்கும் இந்த முறைதான் வேலையின் மையம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, 4 கிலோவுக்குக் குறைந்த சிறிய வகை, சினை அல்லது பால் கொடுக்கும் நாய், இன்சுலின் போடும் நாய், மிக வயதானது, மெலிந்தது, நோயுற்றது ஆகியவற்றுக்கு இதைச் செய்யக் கூடாது. மற்ற எல்லா நாய்க்கும் செய்யலாம்.

தொடங்குவதற்கு முந்தின நாள் வீட்டார் அனைவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். ஐயா, அப்பத்தா, பிள்ளைகள், வேலையாள், வாட்ச்மேன், ஒருவரும் விடுபடக் கூடாது. பத்துப் பேரில் ஒருவர் ஒளித்துக் கொடுத்தாலும் நாய் அந்த ஒருவருக்காகக் காத்திருக்கும்.

முதல் நாளிலிருந்து இரண்டு வேளை: காலை 6.30, இரவு 7.30. நாளின் மொத்த அளவை இரண்டாகப் பிரித்து, அதிலும் முதல் மூன்று நாள் முக்கால் பங்கு மட்டும் வையுங்கள். கொஞ்சமாக இருந்தால் முடிக்கும். முடித்த பழக்கம் வந்த பிறகு அளவைக் கூட்டலாம். சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் நடத்திக் கூட்டி வாருங்கள். வந்து பத்து நிமிடம் ஆறட்டும். தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ‘சாப்புடு கண்ணு’ என்று கெஞ்சுவதும், கையில் எடுத்து ஊட்டுவதும், முறைப்பதும் எல்லாமே நாய்க்குக் கவனிப்பு. சாப்பிடாமல் இருந்தால் அந்தக் கவனிப்புக் கிடைக்கிறது என்று புரிந்துகொள்ளும்.

20 நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். பேச்சில்லாமல், கோபமில்லாமல். அடுத்த வேளைவரை தண்ணீர் மட்டும். அடுத்த வேளை அதே உணவு, புதிதாக.

இரண்டாம், மூன்றாம் நாள்தான் கடினம். நாய் முனகும், தட்டைத் தள்ளும், சாப்பாட்டு மேஜையடியில் வந்து தொடையில் முகத்தை வைக்கும். அடம் தணிவதற்கு முன் ஒரு முறை உச்சத்துக்குப் போவது இயல்பு. இந்த மூன்றாம் நாளில் இளகிவிட்டால் ‘மூன்று நாள் பொறுத்தால் கறி வரும்’ என்ற பாடமாகிவிடும். அடுத்த முறை நான்காம் நாள்வரை பொறுக்கும். முன்பைவிட மோசமாகும். ஆகவே பத்து நாளும் நிற்க முடியாத சூழ்நிலை என்றால், திருவிழாவோ விருந்தாளியோ வருவதாக இருந்தால், தொடங்கவே வேண்டாம். ஆனால் ஒரு எல்லை உண்டு: முழு 24 மணி நேரம் ஒரு வாய்கூட எடுக்காவிட்டால், சோர்ந்து படுத்தால், இதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தால் பெரும்பாலும் வெறும் வயிற்றில் பித்தம் பொங்கியது. இரவு அளவில் கால் பங்கைப் பத்து மணிக்குத் தனியாகக் கொடுத்தால் நின்றுவிடும். தொடர்ந்தால் காட்ட வேண்டும்.

நான்காம் நாள் முதல் ஒரு டப்பா முறையைச் சேர்க்கலாம். அன்றைய மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி, 10 கிலோ நாய்க்கு 55–60 கலோரி அளவில், காலையிலேயே வேகவைத்த கோழித் துணுக்கு, கேரட் துண்டு போன்றவற்றை ஒரு சிறு டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். யார் கொடுக்க ஆசைப்பட்டாலும் அதிலிருந்து மட்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். அப்பத்தாவின் கையையும் தடுக்க வேண்டியதில்லை, கணக்கும் தப்பாது. கொடுப்பது நாய் தன் வேளைச் சாப்பாட்டை முடித்த பிறகாக இருக்கட்டும்.

தட்டில் என்ன வைப்பது

நாய்க்கு ருசி என்பது பெரும்பாலும் வாசனைதான். பிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற சோற்றில் வாசனை எழும்பாது. உடம்புச் சூட்டுக்கு, கை விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் அளவுக்குச் சூடாக்குங்கள். உலர் தீவனம் என்றால் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி வெந்நீரோ உப்பில்லாத கோழி வேகவைத்த நீரோ விட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டால் பல நாய்கள் அதிலேயே திரும்பிவிடும்.

தீவனமே கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. சில கடைகளில் மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். அது எப்போது பிரித்தது, எப்போது காலாவதி என்று தெரியாது. நம் வெயிலில் பிரித்த தீவனத்தின் கொழுப்புச் சீக்கிரம் காறிவிடும். பழைய கடலை எண்ணெய் வாடை வந்தால் நாய் மறுப்பது நியாயம். ஒரு மாதத்தில் தீரும் அளவுப் பையாக வாங்கி, பையோடு சேர்த்து இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

வீட்டுச் சாப்பாடு என்றால், 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு: குழைய வடித்த சோறு 170 கிராம், எலும்பில்லாத வெந்த கோழி 150 கிராம் (பச்சையாகச் சுமார் 200), வேகவைத்த முட்டை 1, வெந்த பரங்கிக்காயோ பீன்ஸோ 60 கிராம். ஏறக்குறைய 575 கலோரி வரும். கறியும் சோறும் தனித்தனியாக இருந்தால் கறியைப் பொறுக்கிவிட்டுச் சோற்றை விட்டுவிடும். ஆகவே கோழியை உதிர்த்து, வேகவைத்த நீர் ஒரு கரண்டி விட்டு, பிரிக்க முடியாதபடி பிசைந்துவிடுங்கள். எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச் சத்துப் போதாது: முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் வேகவைத்துக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து நாளுக்குச் சுமார் அரை டீஸ்பூன் சேர்க்க வேண்டும். வாரம் இரண்டு நாள் இரண்டு துண்டு கோழி ஈரல் போதும். ருசிக்கிறதே என்று தினமும் ஈரல் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து தொல்லை வரும். இந்த உணவையே மாதக்கணக்கில் தொடர்வதானால் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் சேர்ந்த சத்துப்பொடியை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குட்டிக்கென்று உள்ள முழு உணவே நல்லது.

செட்டிநாட்டு அடுப்படியில் மிகக் கவனம் வேண்டியது குழம்பு. கோழிக்குழம்போ உப்புக்கறியோ, எதிலும் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இல்லை. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கறியைக் கழுவிப் போட்டாலும் ஊறிய சாறு உள்ளேதான் இருக்கும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 15–30 கிராம் வெங்காயம் ஒரே தடவையில் போனால் பாதிப்புத் தெரியத் தொடங்கும்; தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்து கெடுக்கும். சோர்வும் வெளுத்த ஈறும் சில நாள் கழித்தே தெரிவதால் யாரும் குழம்பைச் சந்தேகிப்பதில்லை. செய்ய வேண்டியது எளிது: அடுப்பில் ஏற்றும் முன்பே நாயின் பங்கைத் தனியாக எடுத்து, வெறும் தண்ணீரில் வேகவைத்துவிடுங்கள். வெந்த எலும்பு, உலர்திராட்சை போட்ட பாயசமும் சர்க்கரைப் பொங்கலும், சாக்லேட், இவையும் கூடாது. ஆட்டுக் கொழுப்பும் பொரித்த எண்ணெயும் கணையத்தைக் கெடுக்கும்.

ஒரு உணவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுதும். வயிறு இளகினால் ஒரு படி பின்னால் போய் இரண்டு நாள் நில்லுங்கள். ஒரே மாதத்தில் நாலு வகைத் தீவனம் வாங்கிச் சோதிக்க வேண்டாம். ஒவ்வொரு புதுப் பையும் அடத்துக்குக் கிடைத்த பரிசு.

குட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக

நாலு முதல் ஆறு மாதத்தில் பால் பல் விழுந்து ஈறு நோகும்; உணவை ஊறவைத்துக் கொடுங்கள். அதே சமயத்தில் வளர்ச்சி வேகமும் குறையத் தொடங்குவதால் எடைக்கு ஏற்ற பசி இறங்கும். இதைப் பார்த்துப் பயந்து பால், பிஸ்கட், நெய்ச்சோறு என்று இறங்குபவர்கள்தான் ஒரு வயதில் அடம்பிடிக்கும் நாயோடு நிற்கிறார்கள். குட்டி சுறுசுறுப்பாக எடை ஏறிக்கொண்டிருந்தால் பொறுமையாக இருங்கள்.

வெயில், விரதம், விசேஷம்

சித்திரை, வைகாசியில் பசி குறைவது இயற்கை. காலை வேளையை 5.30-க்கும் இரவு வேளையை 8.30-க்கும் தள்ளுங்கள். ஈரமான உணவு அரை மணிக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம், புளித்துப்போகும்.

புரட்டாசி, கார்த்திகையில் தெருவில் பெண் நாய்கள் பருவத்துக்கு வரும்போது கருத்தடை செய்யாத ஆண் நாய் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டில் அக்கறை குறைந்து வாசலையே பார்த்து நிற்கும். அதே மாதங்களில்தான் பல வீடுகளில் அசைவம் நிற்கிறது. மாலை போட்டவர் இருந்தால் முட்டைகூட உள்ளே வராது. நேற்றுவரை கோழிச்சோறு, இன்று தயிர்ச்சோறு என்றால் எந்த நாயும் மறுக்கும். விரதம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே முழு உலர் தீவனத்துக்கு மாற்றிவிடுங்கள். அல்லது கொல்லைப்புறத்தில் தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் ஒதுக்குங்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் சாப்பிடாமல் நடுங்கும் நாய்க்கு, வெடி தொடங்கும் முன் மாலை ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

படைப்பு (முன்னோருக்குப் படையல்), சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) என்று பங்காளிகள் கூடும் நாட்களில் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தாலே முப்பது வாய். அந்த நாட்கள் முழுவதும் நாயை விருந்துப் பந்தியிலிருந்து விலக்கி இரண்டாம்கட்டில் வைத்து, வழக்கமான நேரத்தில் வழக்கமான உணவையே கொடுங்கள். முடியாமல் போய்விட்டால், கூட்டம் கிளம்பிய மறுநாள் காலை 6.30-க்குப் பாதி அளவில் பழைய உணவை வைத்து, 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். முன்பே பழகிய நாய் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தட்டுக்குத் திரும்பும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போகிறவர்கள், வேளைக்கு எத்தனை கிராம், எத்தனை மணிக்கு, எப்போது தட்டை எடுப்பது, எந்த அறிகுறி கண்டால் கூப்பிடுவது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தீவனம் அளக்கும் டம்ளரில் கோடு கிழித்து, வாட்ச்மேன் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள்.